கேட்போரில்லாப் பேச்சு: இலங்கைத் திரைப்படத்திற் புரட்சிகர இளைஞன்

1971ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தென்னிலங்கை இளைஞர் ஆயுதமேந்திக் கிளர்ந்தெழுந்ததன் பின்னர், களனியில் இயங்கிய வித்தியாலங்காரப் பல்கலைக்கழகம் தடுப்பு முகாமாக மாற்றப்பட்டது. வித்தியோதயப் பல்கலைக்கழகத்துக்கும் அக்கதியே நேர்ந்தது. பிரிவேனாக்களாக இருந்து 1959இற் பல்கலைக்கழக நிலைக்கு உயர்த்தப்பட்ட இவ்விரு நிறுவனங்களும், சுயமொழி மூலம் கற்ற கிராமப்புற இளைஞருக்கு உயர்கல்வியின் வாயிலைத் திறந்துவிட்டவை. அவ்வாயில் வழியே வந்தோரையும் வரமுடியாது போனோரையும் ஒரே முட்கம்பி வேலிக்குள் அடைத்து வைக்க அவற்றின் கட்டடங்களே பயன்பட்டன என்பது அக்காலத்தின் முரண்பாட்டைச் சுருங்கக் காட்டுவதாகும்.

இத்தகைய இளைஞனைத் திரைப்படம் எவ்வாறு கண்டது என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட விடயம். இதுபற்றி எழுதப்படுவனவற்றுட் பல, கதாநாயகனின் இலட்சியம் உயர்ந்ததா, அவன் இறுதியில் வென்றானா தோற்றானா என்னும் அளவில் நின்றுவிடுகின்றன. நாம் வேறொரு வினாவிலிருந்து தொடங்க விரும்புகின்றோம். திரையில் அவ்விளைஞன் பேசும்பொழுது அதனைக் கேட்பவர் யார்? இலட்சியம் என்பது அந்தரத்தில் நிற்பதன்று. பேசுவோனுக்கும் கேட்போருக்கும் இடையிலுள்ள வர்க்க உறவிலேதான் அது பொருள் பெறுகின்றது. அவ்வுறவை ஒரு படம் எவ்வாறு வரைகின்றது என்பதைக்கொண்டே அப்படத்தின் அரசியலை அளத்தல் வேண்டும்.

முதலில் ஒரு புறநிலை உண்மையைக் கருத்திற்கொள்ளுதல் அவசியமாகின்றது. கிளர்ச்சியை அடக்கியது 1970இற் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம். சிறிலங்கா சுதந்திரக் கட்சியுடன் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அதிற் பங்காளிகளாக இருந்தன. அதே அரசாங்கமே 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தைத் தோற்றுவித்து, தென்னிந்திய வர்த்தகப் படங்களின் அச்சிலே வார்க்கப்பட்டு வந்த சிங்களச் சினிமாவுக்கு மாற்று வழியொன்றைக் காட்ட முயன்றது. ஆகவே எழுபதுகளின் முற்போக்கு நெறியாளன், தன் தலைமுறை இளைஞரைச் சிறையிலடைத்த அரசினது நிறுவனத்தின் ஆதரவிலேயே தன் கலையை வளர்க்க வேண்டியவனானான். தணிக்கைச் சபையும் இருந்தது. 1971ஐ நேர்முகமாகத் திரையிற் காட்டும் முயற்சியை இச்சூழலில் எதிர்பார்த்தல் கூடாது. கிளர்ச்சி திரைக்கு வந்தது பக்கவாட்டாகத்தான்: வேலையற்ற நகர்ப்புற இளைஞனாக, வேரற்ற நண்பர் கூட்டமாக, பேசத் தெரிந்தும் பேசுமிடம் அறியாத படித்தவனாக.

இவ்வகையில் தர்மசேன பத்திராஜவின் படங்கள் முதன்மை பெறுகின்றன. பேராதனையிற் கற்ற அவர் 1974இல் 'அஹஸ் கவ்வ' என்னும் முதற் படத்தில் கொழும்பின் வேலையற்ற இளைஞரைக் காட்டினார். 1978இல் வெளிவந்த 'பம்பரு அவித்' அவருடைய ஆக்கங்களுள் மிகவும் பேசப்பட்டது. 1997இற் சிங்களச் சினிமாவின் ஐம்பதாண்டு நிறைவையொட்டித் தெரிவான பத்துச் சிறந்த படங்களுள் ஒன்று. தலைப்பைக் 'குளவிகள் வந்துவிட்டன' என்று தமிழிற் கூறலாம். கல்பிட்டிக் கரையோர மீனவக் கிராமமொன்றுக்கு நகரிலிருந்து விக்டர் என்பவன் நண்பர்களுடன் வருகின்றான். அக்கிராமத்து மீன் வாணிபம் அன்ரன் என்னும் உள்ளூர் முதலாளியின் பிடியில் இருக்கின்றது. விக்டரின் பணம் அப்பிடியைத் தளர்த்துகின்றது. ஆனால் மீனவனை விடுவிக்கவில்லை. சிறில் என்னும் மீனவ இளைஞனுக்கு நிச்சயிக்கப்பட்ட ஹெலனின் மனமும் விக்டரின்பால் திரும்புகின்றது. பழைய சுரண்டல் உறவும் புதிய சுரண்டல் உறவும் மோதும் இடத்தில் ஊர் உடைகின்றது. விக்டராக விஜய குமாரதுங்கவும், ஹெலனாக மாலினி பொன்சேகாவும், அன்ரனாக ஜோ அபேவிக்கிரமவும் நடித்தனர்.

எமது கவனத்துக்குரியவன் விக்டர் அல்லன். அவனுடன் வந்த வீரசேன. விமல் குமார த கொஸ்தா ஏற்ற இப்பாத்திரம் மார்க்சிய நூல்களைக் கற்ற நகர இளைஞன். நண்பனின் செலவில் வந்து, நண்பனின் உணவை உண்டு, நண்பனின் வர்க்கத்தைக் கண்டிப்பவன். படத்தின் இறுதிப் பகுதியில், ஊரிற் பகையும் சாவும் நேர்ந்தபின், மீனவர்முன் நின்று சமூக விடுதலை பற்றிச் சொற்பொழிவாற்றுகின்றான். அச்சொற்பொழிவிற் கூறப்படுவன பிழையானவை என்று சொல்லிவிட முடியாது. சுரண்டல் பற்றி அவன் கூறுவதை அம்மீனவர் தம் உடலால் அறிவர். எனினும் அப்பேச்சு அவர்களைத் தொடவில்லை. அவன் சொற்கள் காற்றிற் செல்கின்றன.

இக்காட்சியை இடதுசாரிகள் மீதான ஏளனமாகச் சிலர் கொண்டனர். அக்கருத்து ஏற்புடையதன்று. பத்திராஜ ஏளனம் செய்வது கோட்பாட்டையன்று, கோட்பாடு வந்து சேர்ந்த வழியை. வீரசேன முதலாளியின் வாகனத்தில் வந்திறங்கியவன். மீனவர் வலையிழுத்த வேளையில் அவன் பார்வையாளனாக நின்றவன். கிராம்சி கூறும் வர்க்கத்தோடு ஒன்றிய புத்திஜீவியாக அவன் ஆகாமைக்குக் காரணம் அறிவின்மையன்று, உறவின்மை. இதனை வசனத்தாலன்றி, பேசுவோனுக்கும் நிற்போருக்கும் இடையே விடப்பட்ட வெளியினாலே உணர்த்துவதிற்றான் படத்தின் வெற்றி தங்கியுள்ளது. புத்தளம் முதல் நீர்கொழும்பு வரையான அக்கரையோரத்திலே தமிழும் சிங்களமும் ஒரே வாயிற் புழங்கும் மீனவக் குடும்பங்கள் பலவுண்டு என்பதை அறிந்தோர்க்கு, துண்டுப் பிரசுர நடையிலமைந்த அவனுடைய நகரச் சிங்களம் இன்னும் தொலைவிலிருந்து ஒலிக்கும்.

இதனை அக்காலத்துத் தமிழ்ப் பார்வையாளரின் அனுபவத்தோடு ஒப்பிடுதல் பயன்தரும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்ந்த தமிழ் இளைஞன், அநீதிக்கெதிராக எழும் வீரனைப் பெரும்பாலும் எம்.ஜி.ஆரின் உருவிலேயே கண்டான். 'நாடோடி மன்னன்' 1958இலும் 'ஆயிரத்தில் ஒருவன்' 1965இலும் வெளிவந்தன. நாவலப்பிட்டியிற் பிறந்தவர் என்னும் உரிமையும் அவர்மீது இங்குள்ளோர்க்கு இருந்தது. அப்படங்களில் நாயகன் பேசினால் ஊரே கேட்கும். அடிமைகள் கேட்பர், உழவர் கேட்பர், இறுதியிற் கொடியவனும் கேட்பான். கேளாத மனிதன் ஒருவன் அவ்வுலகில் இல்லை. ஏனெனில் அங்கு மக்கள் நாயகனின் நியாயத்துக்குச் சான்று பகர்வதற்காகவே நிறுத்தப்பட்டவர்கள். தமக்கென வேறு அலுவல் இல்லாதவர்கள். திரையரங்கிற் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின்கீழ் அமர்ந்தமை தமிழர் வரலாற்றிற் புதியது என்று கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். அந்த ஜனநாயகம் இருக்கைகளில் நிகழ்ந்தது, திரையில் நிகழவில்லை. எம்.ஜி.ஆர் படத்தின் இலட்சியவாதம் கேட்போரை முன்னரே தயாராக வைத்திருந்தது. பத்திராஜவின் படமோ அவர்களைத் தேட வேண்டியிருந்தது. இவற்றுள் எது இளைஞனுக்கு அதிகம் கற்பிக்கும் என்பதிலே எமக்கு ஐயமில்லை. எது அதிக நாள் ஓடும் என்பதிலும் ஐயமில்லை.

கேட்போர் யார் என்னும் வினா 1971இன் உண்மை வரலாற்றிலும் பிரதானமானது. மக்கள் விடுதலை முன்னணி தன் உறுப்பினருக்கு நடத்திய ஐந்து வகுப்புகளுள் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. மலையகத் தோட்டத் தொழிலாளர் அவ்விஸ்தரிப்பின் கருவியாக அதிற் கருதப்பட்டனர். நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் திரளாக இருந்தோர், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் 525,000 பேர் நாடுகடத்தப்படவிருந்த ஒரு கூட்டத்தினர், தொழிலாளர் புரட்சியின் கேட்போர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தனர். வீரசேனவின் பேச்சை மீனவர் கேட்கவில்லை. 1971இன் பேச்சோ தோட்டத் தொழிலாளரை நோக்கி ஆற்றப்படவேயில்லை. அக்கட்சியின் வழிவந்த அரசியல் 2024 செப்டெம்பரில் வாக்குச்சீட்டின் மூலம் ஜனாதிபதிப் பதவியை எய்தியதும், அப்பதவியை ஏற்றவர் களனிப் பல்கலைக்கழகப் பட்டதாரி என்பதும், அவ்வாண்டு நவம்பர்ப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்திலும் நுவரெலியா மாவட்டத்திலும் தேசிய மக்கள் சக்தியே முதலிடம் பெற்றதும் நாம் கண்டவை. அரை நூற்றாண்டின் பின் புதிய கேட்போர் தோன்றியுள்ளனர். அவர்கள் பழைய வகுப்பை மறந்தார்களா, மன்னித்தார்களா, அறியாதிருந்தார்களா என்பது தனியாக ஆராயத்தக்கது.

மலையகத்தைக் களமாகக் கொண்ட திரைப்படம் அக்காலத்தில் இல்லாமலில்லை. தொழிற்சங்கவாதியான வீ. பி. கணேசன் தயாரித்த 'புதிய காற்று' 1975இல் வெளிவந்தது. தோட்டத் தொழிலாளரை மையப்படுத்தியமையால் அது வரலாற்று முக்கியத்துவம் உடையதேயெனினும், உருவ அமைப்பில் தென்னிந்திய மாதிரியிலிருந்து விடுபடவில்லை. பத்திராஜவோ யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில், காவலூர் இராசதுரையின் எழுத்தில் 'பொன்மணி'யை உருவாக்கினார். 1977இல் வெளிவந்த அப்படம் யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் ஒரு பெண்ணின் வாழ்வினூடாக நோக்கியது. சிங்கள நெறியாளர் ஒருவர் தமிழ்ச் சமூகத்தின் உள்முரண்பாட்டை இத்துணை அடக்கத்துடன் காட்டியமைக்கு வேறு உதாரணம் எளிதிற் கிடைப்பதன்று. படம் ஓடவில்லை. வீரசேனவுக்கு நேர்ந்தது அவனைப் படைத்தவருக்கு ஓராண்டு முந்தியே நேர்ந்துவிட்டது எனலாம்.

அடுத்து நாம் நோக்க வேண்டியது புரட்சிகர இளைஞனைக் குடும்பத்தினுள் வைத்துக் காணும் மரபு. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'யுகாந்தய' நாவல் 1949இல் வெளிவந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனை 1983இற் படமாக்கினார். சைமன் கபலான என்னும் பெருமுதலாளியின் மகன் மாலின் இங்கிலாந்திற் கற்றுச் சமதர்மக் கருத்துகளுடன் திரும்பித் தொழிலாளர் பக்கம் நின்று தந்தையை எதிர்க்கின்றான். இங்கு இளைஞனுக்குக் கேட்போர் உளர். ஆயினும் படம் உண்மையில் ஆழ்ந்து காட்டுவது தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான விவாதத்தையே. தொழிலாளர் கூட்டமாகத் தோன்றுகின்றனர். கபலானவோ தனிமனிதனாக, காமினி பொன்சேகாவின் நடிப்பினால் ஓரளவு துயர நாயகனாகவும் தோன்றுகின்றான். வர்க்கப் போராட்டம் வரவேற்பறையில் நடைபெறுகின்றது. நாவல் எழுதப்பட்ட காலம் 1947ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தையடுத்த நம்பிக்கையின் காலம். படம் வந்த காலமோ 1980 யூலை வேலைநிறுத்தத்திற் பங்குகொண்ட ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்து மூன்றாண்டுகள் கடந்த காலம். இவ்விடைவெளியைப் படம் கணக்கிலெடுக்கவில்லை என்பது எமது குறை.

குடும்பத்தினூடாகப் புரட்சியைக் காண்பது வங்கத் திரைப்படத்திலும் உண்டு. சத்யஜித் ராயின் 'பிரதித்வந்தி' 1970இல் வந்தபோது, நக்சலைட்டான தம்பி ஓரத்தில் நிற்க, தயங்கும் அண்ணன் சித்தார்த்தனே மையத்தில் வைக்கப்பட்டான். மிருணாள் சென் 1973இல் 'பதாதிக்' படத்தில் ஒருபடி மேற்சென்று, தலைமறைவான இயக்க இளைஞன் தன் தலைமையையே கேள்விக்குள்ளாக்குவதைக் காட்டினார். தமிழகத்தில் கீழ்வெண்மணிப் படுகொலையைப் பின்புலமாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', ஸ்ரீதர் ராஜனின் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்னும் படமாக 1983இல் வந்தது. அங்கும் நகரத்திலிருந்து வருபவனின் கண் வழியாகவே கிராமம் காணப்பட்டது.

'யுகாந்தய'வுக்கு மீள்வோம். மாலின் பாத்திரத்தை ஏற்றவர் றிச்சர்ட் டி சொய்சா. கவிஞர், பத்திரிகையாளர், ஆங்கில நாடக மேடையில் அறியப்பட்டவர். ஐ.பி.எஸ். செய்தி நிறுவனத்துக்காகப் பணியாற்றிய அவர், 1990 பெப்ரவரி 18ஆம் திகதி அதிகாலை ஆயுதம் தாங்கியோரால் இல்லத்திலிருந்து கடத்தப்பட்டார். சுடப்பட்ட உடல் மொறட்டுவைக் கடற்பரப்பிற் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 31. தென்னிலங்கையில் இரண்டாம் ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசு படைகளைக் கொண்டும் பெயரற்ற குழுக்களைக் கொண்டும் அழித்த காலம் அது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1988 பெப்ரவரி 16ஆம் திகதி, 'பம்பரு அவித்'தின் விக்டரான விஜய குமாரதுங்க தம் வீட்டு வாயிலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1982இல் 'நக்சலைட் சதி' என்னும் குற்றச்சாட்டின்பேரில் அரசினால் தடுத்து வைக்கப்பட்டவர். 1986இல் யாழ்ப்பாணம் சென்று போராளிகளுடன் பேசியவர். 1987 இந்திய - இலங்கை உடன்படிக்கையை ஆதரித்தவர். அவரைக் கொன்றோர் ஜே.வி.பி.யின் ஆயுதப் பிரிவினர் என்றே பரவலாகக் கொள்ளப்படுகின்றது. ஆக, ஒருவரை அரசின் வன்முறையும் மற்றவரை அரசுக்கெதிரான வன்முறையும் கொண்டு சென்றன.

நடிகரின் வாழ்வைக்கொண்டு பாத்திரத்தை விளக்குவது விமர்சனமாகாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் இங்கு வேறொன்று புலப்படுகின்றது. சிங்களத்தில் தமிழரோடு பேச முனைந்த குரலும், ஆங்கிலத்தில் உலகோடு பேச முனைந்த குரலும் ஏககாலத்தில் அடக்கப்பட்டன. சிங்களத் திரைப்படத்தின் பொருளாதார அடித்தளமும் இவ்வன்முறைக்குத் தப்பவில்லை. களனி கங்கைக்கு வடக்கே ஹெந்தளையில் கே. குணரத்தினம் நடத்திய விஜய ஸ்ரூடியோ 1983 யூலை வன்செயலில் எரிக்கப்பட்டது. பல சிங்களப் படங்களின் மூலச் சுருள்கள் அத்தீயில் அழிந்தன. குணரத்தினம் 1989இற் சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழ் மூலதனத்தில் எடுக்கப்பட்ட சிங்களப் படங்களைத் தமிழரின் சொத்தென்று கருதி எரித்தோர், தம் பண்பாட்டின் ஒரு பகுதியையே எரித்தனர்.

மகன் இறந்தபின் கதை தாயிடம் வருகின்றது. கோர்க்கியின் நாவலைப் புதோவ்கின் 1926இற் படமாக்கியபோது, தாய் மகனின் கொடியைத் தானே ஏந்தினாள். 1986இற் கேரளத்து ஜோன் ஆபிரகாம், பொதுமக்களிடம் சேர்த்த பணத்தைக்கொண்டு எடுத்த 'அம்மா அறியான்' படத்தில், தற்கொலை செய்துகொண்ட இயக்க இளைஞனின் மரணத்தை அவன் தாய்க்கு அறிவிக்க நண்பர்கள் வயநாட்டிலிருந்து கொச்சி நோக்கிப் பயணிக்கின்றனர். வழியெல்லாம் தாய்மாரைக் காண்கின்றனர். செய்தி ஒரு தாய்க்குரியதன்று என்பதைப் பயணமே உணர்த்திவிடுகின்றது.

இலங்கையில் இம்மரபு 2025 சனவரியில் வெளிவந்த அசோக ஹந்தகமவின் 'ராணி' மூலம் தொடர்ந்துள்ளது. றிச்சர்டின் தாயாரான வைத்தியர் மனோராணி சரவணமுத்துவின் கதை அது. சுவர்ணா மல்லவாராச்சி அப்பாத்திரத்தை ஏற்றார். மனோராணி கொழும்பு உயர்குடித் தமிழ்ப் பெண்மணி. மகனின் கொலைக்கு நீதி கேட்டு நின்றதோடு, தென்னிலங்கை அன்னையர் முன்னணியின் தலைமையையும் ஏற்றவர். படத்திற் சித்திரிக்கப்பட்ட அவருடைய தனிவாழ்வு குறித்து அவரை அறிந்தோர் ஆட்சேபித்தனர். எமது கவலை வேறு. 1994இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுக்கள் 16,000இற்கும் மேற்பட்டோர் காணாமலாக்கப்பட்டமையை உறுதிப்படுத்தின. அவர்களிற் பெரும்பாலார் கிராமத்துச் சிங்கள இளைஞர். அன்னையர் முன்னணியில் திரண்டோர் அவர்களுடைய தாய்மார். யாழ்ப்பாணத்தில் 1984இலேயே அன்னையர் முன்னணி உருவாகியிருந்தது. இத்தாய்மார் எல்லாருக்கும் பொதுவான ஒரு முகம் தேவைப்பட்டபோது, ஆங்கிலம் பேசும், தொலைபேசியில் தூதரகங்களை அழைக்கக்கூடிய ஒரு தாயின் முகமே திரைக்குத் தெரிவாகியுள்ளது. இதனை நெறியாளரின் தவறென்று மட்டும் கூறிவிட முடியாது. அக்காலத்திலும் உலகம் கேட்டது அந்த ஒரு தாயின் குரலையே. மாத்தறைக் கிராமத்துத் தாயின் குரல் கேட்கப்படுவதற்குப் பல்லாயிரவர் ஒன்றுசேர வேண்டியிருந்தது. படம் இவ்வேறுபாட்டையே தன் பொருளாக்கியிருப்பின் 'அம்மா அறியா'னின் தரத்தை எட்டியிருக்கும்.

தமிழ் இளைஞரின் ஆயுதப் போராட்டத்தைப் பேசும் படங்கள் பல வந்துள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை வீரனுக்கும் துரோகிக்கும் அப்பாற் செல்லவில்லை. எமது நோக்கிற் குறிப்பிடத்தக்கது ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' என்னும் ஆவணப்படம். 2017ஆம் ஆண்டு கான் விழாவிற் காட்டப்பட்டது. நெறியாளரின் மாமனார், ஒருகாலத்தில் இடதுசாரித் தமிழ் இயக்கமொன்றிற் சேர்ந்திருந்து பின்னர் கனடாவுக்குப் புலம்பெயர்ந்தவர், திரும்பி வந்து தம் பழைய தோழரையும் பிற இயக்கங்களைச் சேர்ந்தோரையும் சந்திக்கின்றார். ஒருவரையொருவர் கொல்லத் துணிந்த இயக்கங்களின் எஞ்சியோர் சேர்ந்தமர்ந்து நடந்தவற்றைப் பேசுகின்றனர். வீரசேனவின் கடற்கரையில் ஒருவன் பேச யாரும் கேட்கவில்லை. இங்கோ பேசுவோர் யாவரும் கேட்போராகவும் இருக்கின்றனர். முப்பதாண்டுகள் தாமதித்தே இது இயன்றது. படத்தின் முடிவுகள் அனைத்தையும் நாம் ஏற்கவில்லை. அரசின் வன்முறைக்கும் இயக்கங்களின் வன்முறைக்கும் இடையிலான அளவு வேறுபாட்டை அது போதியவாறு நிறுத்துப் பார்க்கவில்லை என்பது எமது கருத்து. ஆனால் அவ்வாதத்தை நடத்துவதற்குப் படத்தைப் பார்த்தல் வேண்டும். 2018இல் யாழ்ப்பாணத்துத் திரைப்பட விழாவிற் காட்டப்படவிருந்த அப்படம், எழுந்த எதிர்ப்பினால் நிகழ்ச்சி நிரலிலிருந்து விலக்கப்பட்டது. அதில் வரும் உரையாடல்களைத் துணையுரையின் உதவியின்றி நேரே பின்தொடரக்கூடியோர் அந்நகரத்தவரே.